என் ஓரகத்தி கணக்கில் ஓடிய லட்சங்கள்

என் ஓரகத்திக்கு, அதாவது கொழுந்தன் பெண்டாட்டிக்கு, இருந்தது ஒரே ஆசை. தன் சாவு ஜோராக நடக்க வேண்டும். பூப்பாடை, பேண்டு செட்டு, வேட்டு. மகன்களை நம்பாமல், முதியோர் பென்ஷனில் மிச்சம் பிடித்து அதற்கென்றே பேங்கில் விட்டு வைத்திருந்தாள்.

"முன்னாடி நான் போயிட்டா அந்த பேண்டை எனக்கு வுடுவியாடி?" என்று கேட்பேன்.

"உனுக்கு ஊதுனா அவன் வாய்தான் வலிக்கும். போக்கா."

எங்கள் சிங்கவரத்துக் கிழவிகளுக்கு மெஷினில் பணம் எடுக்கத் தெரியாது. செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போன் கடை வைத்திருப்பவனிடம் கார்டைக் கொடுப்போம். ரகசிய நம்பரைக் கார்டு உறையிலேயே எழுதி வைத்திருப்போம். அவன் எடுத்துத் தருவான். ஓரகத்தியின் கார்டு அவனிடமே தங்கிவிட்டது. அதற்குப் பதிலாக அவள் போனுக்கு ரீசார்ஜ் இலவசம்.

ஒருநாள் பாஸ்புக் பதியப் போனோம். மெஷின் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு எழுத்து தகராறு. சைபர் நன்றாகத் தெரியும். லட்சம் லட்சமாக வந்து, வந்த அன்றைக்கே போயிருந்தது.

"இன்னாடி, பூப்பாடையா, தங்கத் தேரா?"

அவள் சிரிக்கவில்லை. மேனேஜரிடம் காட்டினோம். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"போன் கடைக்காரரோட வியாபாரப் பணம்மா. அவரு நம்ம பெரிய கஸ்டமர்."

இப்படிச் சந்தேகமாகப் பணம் ஓடினால் பேங்குக்காரர் மேலிடத்துக்கு எழுதியாக வேண்டுமாம். பணத்தை ஓட்டுகிறவன் காதுக்கு அது போகவும் கூடாதாம். சட்டம் அப்படி என்று பேத்தி பிறகு சொன்னாள். இவர் மேலிடத்தை விட்டுவிட்டு, எங்கள் எதிரிலேயே கடைக்காரனுக்குப் போன் போட்டார். "தம்பி, உங்க ஆயாங்க வந்துருக்காங்க. பாத்துக்கோங்க."

எங்களை மறுநாள் வரச் சொன்னார். போனபோது கணக்கில் ஒன்றுமில்லை. பென்ஷன் மிச்சத்தையும் சேர்த்து வழித்திருந்தான்.

வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கேட்டேன். "சார், நேத்து போன் பண்ணி சொன்னீங்களே, அவன் அள்ளினு போறப்ப உங்களுக்கு டீக்காவது குடுத்தானா?"

அவசரமாக உள்ளே கூப்பிட்டார். அன்றைக்குத்தான் மேலிடத்துக்கு எழுதினார். யார் மேல்? என் ஓரகத்தி மேல்.

"கணக்கு அவங்க பேர்லதானேம்மா இருக்குது?"

கணக்கை முடக்கிவிட்டார்கள். இனி வரும் பென்ஷனையும் எடுக்க முடியாது. வெளியே வந்தால் போன் கடை திறந்தே இருக்கிறது. "இன்னா ஆயா, சாப்டியா?" என்கிறான். 

ஊருக்குத் திரும்ப பஸ் ஏறினோம். ஓரகத்தி கேட்டாள்.

"அக்கா, நான் செத்தா போலீசு வருமா?"

"சந்தேகமான ஆளு இல்ல நீ? வரும்."

"எத்தினி பேரு?"

"ரெண்டு ஜீப்பு."

"கூட்டமாவாவது இருக்கும்" என்றாள்.

எப்போதும் சிரிக்கிறவள் நான். சன்னல் வழியே செஞ்சி பக்கமாகக் காறித் துப்பினேன்.