முகிலனை வாசலில் நிறுத்தியது யார்?

போன மாதம் என்னை உளவு பார்க்க அனுப்பினார்கள். அனுப்பியது போலீஸ் இல்லை. என் மனைவியின் அண்ணன்.

மச்சானுக்கு உடும்பஞ்சோலைப் பக்கம் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. எங்கள் ஊரான சித்தூரில் நெல்லும் தென்னையுமாக நிம்மதியாக இருந்த மனிதர், யாரோ ஆசை காட்ட மலையேறிவிட்டார். அங்கிருந்து ஆள் மூலம் செய்தி வந்தது. உடனே புறப்பட்டு வரவும், விஷயம் நேரில்...

என் மனைவிக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கண்டக்டர் கொடுக்கிற சில்லறையை இரண்டு தடவை எண்ணுகிறவன் நான். டாக்டர் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். சந்தேகப்பட ஒரு ஆள் வேண்டுமென்றால் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

மூன்று பஸ் மாறி, போடியில் ஜீப் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். காபிகூடக் கொடுக்காமல் மச்சான் கேட்டார்.

“ஏனுங்க மாப்ளை, இந்தப் பைலட் முகிலன் ஆளு எப்படிங்க?”

வாசகர்களுக்கு முகிலனைத் தெரியாமல் இருக்காது. வாராவாரம் படக்கதையில் விமானம் ஓட்டுகிறானே, அவன்தான். எனக்கு அவனை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. விமானம் எரிந்து விழும், கிராப்பு கலையாது. எத்தனையோ வருஷமாகப் பறக்கிறான், ஒரு வயதுகூட ஏறவில்லை. பெட்ரோல் விற்கிற விலையில் இவன் விமானத்துக்கு யார் பெட்ரோல் போடுகிறார்கள்? சம்பளம் எங்கிருந்து வருகிறது? ஒரு வார்த்தை உண்டா? ஆனாலும் பெட்டிக்கடையில் அவன் வருகிற பத்திரிகைதான் முதலில் தீர்ந்துபோகிறது. அதுவே எனக்குச் சந்தேகம்.

மச்சானின் சந்தேகம் வேறு மாதிரி.

அவருடைய ஸ்டோரில், அதாவது காயை உலர்த்திச் சேர்த்துவைக்கிற கட்டடத்தில், காய்ந்த ஏலக்காயைத் தரம் பிரிக்கப் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். அதில் செல்லக்கனி என்று ஒருத்தி. (நிஜப் பெயர் அதுவல்ல.) போடிக்காரி, எட்டாவது வரை படித்தவள். மத்தியானம் ஆனால் முகிலன் கதையை அவள் உரக்கப் படிப்பாள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பார்கள். ஏதோ சந்தேகம் வந்து மச்சான் போடியிலிருந்து அந்தப் பத்திரிகையை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்.

பத்திரிகையில் முகிலன் நடுக்கடலில் வைரக் கடத்தல்காரர்களோடு சண்டை போடுகிறான். ஸ்டோரில் முகிலன் ஒரு வாசலில் நிற்கிறான். வில்லன் அவனை வெளியே விடாமல் சோதனை போடுகிறான்.

“‘ஏனுங்க தம்பி, மடியில என்னங்க இருக்குது’ன்னு கேக்கறானுங்க அந்த வில்லன். அவன் எதுக்குங்க மாப்ளை நம்ம பேச்சுப் பேசறான்?”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது பெண்கள் ஒவ்வொருத்தராக வாசலில் நின்று, காய் எதையும் ஒளித்துக்கொள்ளவில்லை என்று மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். எதிரே நின்று பார்க்கிறவர் மச்சான். அங்கே எல்லா ஸ்டோரிலும் இதுதான் வழக்கம் என்றார். மரியாதையாகத்தான் கேட்பாராம். அதை நான் நம்புகிறேன்.

வில்லன் தான்தான் என்று உறுதியானால் திங்கட்கிழமை முதல் செல்லக்கனிக்கு ஸ்டோரில் வேலை இல்லை, மலையில் காய் பறிக்கப் போகட்டும் என்று முடிவு செய்திருந்தார். அவளால் அது முடியாது. போன வருஷம் சரிவில் விழுந்து முழங்கால் போய்விட்டது. மலை இல்லையென்றால் போடியில் அண்ணன் வீடு. அங்கே அண்ணிக்கு இவளைக் கண்டாலே ஆகாது. ஆக, ஒருத்தியின் பிழைப்பு என் சந்தேக புத்தியை நம்பி நின்றது. அந்த வேலைக்கா நான் மூன்று பஸ் மாறி வந்தேன்?

மறுநாள் மூட்டைகளுக்குப் பின்னால், தராசைப் பார்க்கிற சாக்கில் உட்கார்ந்துகொண்டேன்.

செல்லக்கனி கையில் இருந்தது அட்டை கிழிந்த ஒரு பழைய இதழ். அந்த வாரத்து இதழ் என் பையில் இருந்தது. அவள் சொன்னதில் ஒரு வரிகூட அதில் இல்லை. ஆனால் பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடத்தில் சரியாகத் திருப்பினாள். படத்தை விரலால் தொட்டு, முகிலன் எப்படி நிற்கிறான் என்று காட்டினாள்.

முகிலனின் மடியில் ஒரு வரைபடம் இருக்கிறது. வில்லன் ஏனுங்க, தானுங்க என்று தேனாகப் பேசிக்கொண்டே உதறச் சொல்கிறான். ஒருத்தி, முகிலன் பயந்த மாதிரி தெரியவே கூடாது என்றாள். இன்னொருத்தி, உதறுவதற்கு முன்னால் வில்லனையும் ஒரு தடவை உதறச் சொல்லட்டும் என்றாள். கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. செல்லக்கனி புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோய், ஆமாம், இதோ அப்படித்தான் போட்டிருக்கிறது என்று படித்தாள். ஸ்டோரே சிரித்தது.

இன்னொன்றையும் பார்த்தேன். அவள் கை புத்தகத்தில் இருந்தது, ஆனாலும் அவள் கூடை நிறைந்துகொண்டே வந்தது. சுற்றி இருந்தவர்கள் தாங்கள் பிரித்த காயில் ஆளுக்கு ஒரு பிடி அவள் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வேலை முடிந்ததும் அவளைத் தனியாகக் கேட்டுவிட்டேன். எழுத்தாளன் எழுதாததை எழுதியதாகப் படித்து இவர்களை ஏமாற்றலாமா?

“ஏமாத்தல சார். அவுகளுக்கும் தெரியும்” என்றாள். மழையில் மலைப்பாதை அடைத்துக்கொண்டபோது பத்திரிகை வரவில்லையாம். சும்மா இருக்க முடியாமல் இவளாகச் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். பாதை திறந்ததும் காசு போட்டுப் புது இதழ் வாங்கிப் படித்துப் பார்த்தார்களாம். இது நம்ம முகிலன் இல்லை என்று எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள்.

“பொஸ்தகத்துல இருக்கவன் பொழச்சுக்கிருவான் சார். அவனுக்கு எழுத ஒரு ஆளு இருக்கு. இவனுக்கு எங்கள விட்டா யாரு இருக்கா?”

வாராவாரம் எழுதுகிறவன் நான். என் வாசகர்கள் படிப்பது என்னையா, இல்லை மனதுக்குள் தாங்களாகவே வேறு யாரையாவது எழுதிக்கொள்கிறார்களா என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

இரவுச் சாப்பாட்டில் மச்சான் கேட்டுவிட்டார். “சொல்லுங்க மாப்ளை. வில்லன் நானுங்களா?”

“இல்லீங்க மச்சான்” என்றேன். “அவன் கோயமுத்தூர்க்காரன்.”

கூடை விஷயத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மச்சான் என் பத்தியைப் படிக்கிறவர் இல்லை என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன். அவர் சோற்றைப் பிசைந்து ரசம் ஊற்றிக்கொண்டார். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார்.

“செரி... முகிலன் அந்த வாசலத் தாண்டிட்டானுங்களா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளாகக் காய் உலர்த்தும் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று மனிதர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். தராசுப் பக்கம் போகிற சாக்கில் நான் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டேன். முதலாளியால் அப்படி உட்கார முடியாது. செல்லக்கனி ஸ்டோரிலேயே இருக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.

கதை இதோடு முடிந்தது என்று நினைத்தேன். நேற்று அறுவடைக்காகச் சித்தூர் வந்த மச்சான் என்னைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். கதையில் புதிதாக ஒரு ஆள் வந்திருக்கிறானாம். கண்ணாடி போட்டவன். கக்கத்தில் குடை. மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து ஒட்டுக் கேட்பானாம். டீக்கடையில் சில்லறையை இரண்டு தடவை எண்ணுவானாம்.

“அவனை என்ன செய்தார்கள்?” என்றேன், முடிந்தவரை சாதாரணமாக.

“முகிலன் புடிச்சுத் தூணுல கட்டிப் போட்டிருக்கறானுங்க. மிச்சம் திங்கக்கெழமைதானுங்க.”

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே உடும்பஞ்சோலை கிளம்புகிறேன். என்னை அவிழ்த்து விடுகிறார்களா இல்லையா என்று தெரிய வேண்டாமா?