கம்பளத்துக்கு அடியில் ஒரு புன்னைக்கட்டை

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கணக்கை மனசிலேயே போடுவேன், அவ்வளவுதான். ஆனால் பிரெஞ்சுக் கொடி பறந்த காலத்தில், காரைக்கால் கடைத்தெருவில் ரெண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ரேஸ் வண்டியை ஓட்டிக்கொண்டு போன தமிழன் யார் என்று கேட்டால் என்னைத்தான் காட்டுவார்கள். வேறு ஆள் கிடையாது. தன் நாட்டுக்குத் திரும்பின ஒரு பிரெஞ்சுத் துரை அதை எனக்கு விற்றுவிட்டுப் போனார். டாப்பு கிடையாது, மூக்கு நீளம், ஸ்டியரிங் இடது பக்கம். நின்றுகொண்டிருந்தாலே ஓடுகிற மாதிரி இருக்கும்.

நான் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கி மேலே வந்தவன். அந்தத் தோளால்தான் மண்டி வைத்தேன், வீடு கட்டினேன், திருமலைராயன்பட்டினத்தில் பேர்போன குடும்பத்தில் பெண் எடுத்தேன். மூட்டை தூக்கினதில் இடது கணுக்கால் ஒரு தடவை பிசகி, சரியாகக் கூடாமல் போனது. நடந்தால் தெரியாது. தொங்கவிட்டால் வலிக்கும். அந்த வண்டியிலோ இடது காலுக்கு இடமே இல்லை. கிளச்சை மிதித்து எடுத்தபிறகு எங்கே வைப்பது? கிளச்சு மேலேயே வைத்துக்கொள்வேன். அப்படி வைத்தால் பிளேட் தேயும், கருகும். ஒரு நாள் மச்சானை ஏற்றிக்கொண்டு போகும்போது புகையே வந்துவிட்டது.

மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன். பாட்டன் காலத்திலிருந்து சைகோன் வியாபாரம் செய்கிற வீடு. பெண் கொடுத்தாரே தவிர, நான் மூட்டைக்காரன் என்கிற நினைப்பை அவர் விடவில்லை. புகையைக் கையால் விசிறிக்கொண்டே சொன்னார்:

"மூட்ட தூக்குன காலு மச்சான் அது. மாட்டுவண்டியில தொங்கப்போட்டா சொகமா இருக்கும். இந்த வண்டிய எங்கிட்ட குடுத்துடுங்க."

"பிளேட்டு பழசு," என்றேன்.

"அப்ப புதுசு போடுங்க. நாகப்பட்டினம் போய்த் திரும்புவோம். கருகுன வாசன வரலன்னா இனிமே வாயத் தொறக்க மாட்டேன். வந்துச்சின்னா வண்டி எனக்கு."

ரோஷத்தில் சரி என்றுவிட்டேன். கால் வலியைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் குடும்பத்தில் சாகிறவரை நான் மூட்டைக்காரன்தான். ஆகவே இடது காலுக்கு ஓர் இடம் வேண்டும், அது மச்சான் கண்ணில் படவும் கூடாது.

இதற்கு நான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. பாதத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக் கிளச்சை மிதித்து, கால் தானாக எங்கே போய் விழுகிறதோ விழட்டும் என்று விட்டேன். கிளச்சுக்கும் கதவோரத்துக்கும் நடுவில் இருந்த இத்தனூண்டு சந்தில் வெள்ளையாகப் பதிந்தது. அதுதான் இடம்.

முதலில் கொல்லரிடம் இரும்பில் ஒரு சாய்வுப் பலகை அடித்து வாங்கிப் பொருத்தினேன். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வண்டி ஓட்டுவேன், வீட்டுக்குள் நுழைகிற மாதிரி. ஓட்டிப் பார்த்தால், பக்கத்திலிருக்கிற தலத்தெரு வருவதற்குள் எஞ்சின் சூட்டில் இரும்பு தோசைக்கல் ஆகிவிட்டது. காலை எடுத்த வேகத்தில் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. துரைமார்கள் பூட்ஸ் போட்டு ஓட்டுகிறவர்கள், அவர்களுக்கு இரும்பு ஒத்துவரும். நமக்கு மரம்தான்.

படகு கட்டுகிற இடத்தில் ஒரு புன்னைத் துண்டு வாங்கிவந்தேன். குதிகால் பக்கம் தாழ்வு, விரல் பக்கம் ஏற்றம். கிளச்சு பெடலைவிடக் கொஞ்சம் இறக்கமாக வைத்தேன், அப்போதுதான் கால் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். தரையில் ஓட்டை போட மனசு வரவில்லை. ஏற்கனவே இருந்த போல்ட்டில் ஒரு இரும்புப் பட்டையைக் கொடுத்துக் கட்டையை இறுக்கினேன். சீட்டுக்கு அடியிலிருந்து கம்பளத்தில் ஒரு துண்டு வெட்டி, கட்டையைப் போர்த்தித் தைக்கச் சொல்லி வீட்டுக்காரியிடம் கொடுத்தேன்.

"பந்தயம் கட்டுறது ஹராமுங்க," என்றாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"பந்தயமில்ல. பேச்சு."

"நானாகிட்ட காலு வலிக்கிதுன்னு சொன்னா என்னா கொறஞ்சா போயிடுவீங்க?" நானா என்றால் அவள் அண்ணன், என் மச்சான்.

"நீ தை."

தைத்தாள். தையல் எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

புது பிளேட்டும் போட்டு, மச்சானைத் திருமலைராயன்பட்டினத்தில் ஏற்றிக்கொண்டேன். சந்தேகத்தோடு குனிந்து பார்த்தார். கம்பளம்தான் தெரிந்தது. கால் கட்டைமேல் சொகுசாக இருக்க, பாட்டுப் பாடாத குறையாக ஓட்டினேன். வாஞ்சூர் எல்லை வந்தது.

அப்போது வாஞ்சூரைத் தாண்டினால் இந்தியா. எங்கள் பக்கத்திலிருந்து கைக்கடிகாரம், தங்கம், சீமைச் சாராயம் எல்லாம் திருட்டுத்தனமாக அந்தப் பக்கம் போகும். அதனால் அங்கே கஸ்டம்ஸ்காரர்கள் வாழைத்தாரைக்கூடக் குத்திப் பார்ப்பார்கள். வண்டிக்குள் எதையாவது மூடித் தைத்து வைத்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அது உறைக்கவில்லை. மச்சானிடமிருந்து மறைப்பதிலேயே என் புத்தி பூராவும் செலவாகிப் போயிருந்தது.

அதிகாரி கதவைத் திறந்து கம்பளத்தைத் தடவிக்கொண்டே போனார். கை நின்றது. விரலால் தட்டினார்.

"உள்ள என்ன?"

"மரம்."

"மரத்துக்குள்ள?"

"மரம்தாங்க."

மச்சான் என் காதோரம் குனிந்தார். "தங்கமா மச்சான்? சொல்லவே இல்லையே." குரலில் கோபமில்லை, மரியாதை இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குக் காட்டாத மரியாதை. கடத்தல்காரனாகவே இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஆனால் அதிகாரி கடப்பாரை எடுத்துவர ஆள் அனுப்பிவிட்டார். தரையையே பெயர்த்துவிடுவார்கள்.

"கால் வைக்கிற கட்டைங்க. மூட்ட தூக்குனப்ப எடது கணுக்கால் பெசகிடுச்சு. தொங்கவிட்டா வலிக்கும்." மச்சான் பக்கம் நான் திரும்பவில்லை.

"கால் வைக்கிற கட்டைய எவனாவது மூடித் தைப்பானா?" என்றார் அதிகாரி. நியாயமான கேள்வி. பிறகு மச்சானைப் பார்த்தார். "நீங்க வண்டி ஓட்டுவீங்களா? ஒக்காந்து பாருங்க. இவர் சொல்றது நெசமான்னு நீங்க சொல்லுங்க."

என் வண்டி அவர் நாக்கு நுனியில் இருந்தது.

மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். கிளச்சை மிதித்தார், விட்டார். கால் வழுக்கிப் போய்க் கட்டையில் உட்கார்ந்தது. மறுபடி மிதித்தார், மறுபடி விட்டார். வெயிலில் அலைந்து வந்தவன் இளநீர் குடித்ததுபோல் அவர் முகம் ஆனது.

"கால் வைக்கத்தான் சார்," என்றார். "பொல்லாத மனுசன். இதப் போயி மூடி வச்சிருக்காரு."

கடப்பாரை வந்த வழியே போனது. நான் ஏறுவதற்காக ஸ்டியரிங் பக்கம் வந்து நின்றேன். மச்சான் இறங்கவில்லை.

"அந்தப் பக்கம் ஏறுங்க. ஒங்களுக்குத்தான் காலு வலிக்கிதுன்னீங்களே."

நாகப்பட்டினம் போனோம், திரும்பினோம். போக வர அவர்தான் ஓட்டினார். கருகின வாசனை வரவில்லை. ஜெயித்தது யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நாகூர் தாண்டும்போது, "ஒரு மூட்ட என்னா கனம் இருக்கும் மச்சான்?" என்றார். காரைக்கால் வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தேன். கனத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

என்ன, பக்கத்து சீட்டில் என் இடது கால்தான் வழியெல்லாம் தொங்கிக்கொண்டு வந்தது. மறுநாளே அந்தப் பக்கமும் ஒரு புன்னைக்கட்டை வைத்தேன். அதற்குக் கம்பளம் போர்த்தவில்லை.