ஹயர் காரும் துரையின் இரண்டு துண்டும்

கார் வைத்திருந்த காலத்தில் நான் மனதாரச் சபித்த ஆட்கள் நாலு பேர். அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர், வாகனப் பரிசோதகர், தோட்டத்தை நடத்தும் துரை, நாலாவது நான். சில நாட்களில் நாலாவது ஆளை முதல் இடத்துக்கு ஏற்றிவிடுவேன். வயதாகிவிட்டது, கோபம் ஆறியிருக்கும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். தோட்டத்து லொறியில் கிளீனராக ஏறி டிரைவராக இறங்கினேன். மருந்து கொடுக்கிற வேலையை விட்டுத் தோட்டத்திலிருந்து போன ஒரு மருந்தையாவிடம் அவருடைய பழைய கறுப்புக் காரை வாங்கினேன். அவர் அதை வாடகைக்கு ஓட்டும் ஹயர் காராகப் பதிந்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரி, கல்யாணம், ஹட்டன் ஸ்டேஷன் என்று எனக்கும் நல்ல ஓட்டம் கிடைத்தது. சிங்களம் மட்டுமே அரச மொழி என்று சட்டம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம் அது. தோட்டத்தார் பெரும்பாலோரைப் போல எனக்கும் பிரஜாவுரிமை இல்லை. ஆனால் காருக்குப் பதிவுப் புத்தகம் இருந்தது. அதில் சொந்தக்காரன் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று கணக்கில்லை.

கார் வந்ததும் தோட்டத்து வேலைக்குப் போவதை விட்டுவிட்டேன். செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பெயரை வெட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை, வெட்டுகிறேன் என்று யாரும் சொல்லவும் இல்லை. என் மனைவி நெஞ்சுக் கோளாறால் ஏற்கெனவே கொழுந்தெடுப்பதை நிறுத்தியிருந்தாள். தோட்டத்தில் வேலை செய்யாத குடும்பத்துக்குத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இடம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையின் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனவன் நான்தான். அதனால் நாங்களும் இரண்டு பெண் பிள்ளைகளும் பழைய ஒற்றையறைக் காம்பராவிலேயே இருந்தோம். கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள்.

வாங்கிய பிறகு வந்த முதல் டிசம்பரில்தான் தொல்லை ஆரம்பித்தது. வருஷ லைசன்ஸ் டிசம்பர் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் ஜனவரி முதலாம் தேதி கார் ரோட்டில் ஓடக்கூடாது. கார் ஓடாவிட்டால் நான் காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் போய் நின்று, இன்றைக்கு எனக்கு என்ன வேலை என்று கேட்க வேண்டும். கணக்கப்பிள்ளைக்கு அது நன்றாகத் தெரியும்.

"ஒண்ணாந் தேதி காலையில வெள்ளனையே வந்துருப்பா. மலை வேலைக்கு நல்ல முள்ளுக்கத்தியா எடுத்து வைக்கிறேன்" என்று பல்லைக் காட்டினார்.

நான் விடிந்ததும் கச்சேரிக்குப் போனேன். பழைய லைசன்ஸ், இன்சூரன்ஸ் கடதாசி, பதிவுப் புத்தகம் எல்லாவற்றையும் ஜன்னலுக்குள் நீட்டினேன். உள்ளே இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் தொடாமல் பார்த்தார்.

"பிட்னஸ் எங்கை?"

"அது என்னங்க ஐயா?"

"ஹயர் காருக்கு முதலிலை எக்ஸாமினரிட்டைக் காட்டி, ஓடத் தகுதியெண்டு சேட்டிபிக்கட் எடுக்கவேணும். பிறகுதான் இஞ்சை வரவேணும். மாறி வந்து நிண்டு என்ன பிரயோசனம்?"

"அவரு எங்கங்க இருப்பாரு? எப்ப வருவாருங்க?"

"எல்லாம் நோட்டீஸ் போட்டிலை கிடக்கு. போய் வாசியும்."

போய்ப் பார்த்தேன். முழுக்கச் சிங்கள எழுத்து. சிங்களம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. திரும்பி வந்து சொன்னேன். அந்த மனுஷர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சீறினார்.

"எனக்கு மட்டும் தெரியுமோ? என்னையும் இந்த வயதிலை சிங்களச் சோதனை எழுதச் சொல்லிக் கிடக்கு. அடுத்த ஆள் வாரும்!"

அவருக்கும் வாசிக்கத் தெரியாது. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து வயிறெரிந்திருக்கலாம். அதற்குப் பதில் நாற்பது பேர் பார்க்க என்னை முட்டாளாக்கினார். அவர் கஷ்டம் இன்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் மன்னிக்க மனம் வரவில்லை.

ஹட்டனில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவரிடம்தான் விஷயம் தெளிந்தது. அவருக்கும் ஒரு லொறி இருந்தது. பரிசோதகர் மாதத்தில் இரண்டு நாள் ஹட்டனுக்கு வருவார், ஸ்டேஷனுக்குக் கீழே ரோட்டோரத்தில் வண்டிகள் வரிசையாக நிற்க வேண்டும், டிசம்பரில் மிஞ்சியிருப்பது இரண்டே நாள், இரண்டாவது நாள் கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் என்று சொன்னார். "ஹேண்ட் பிரேக்கப் பாத்துக்கங்க தம்பி. இந்த மனுசன் ஏத்தத்துல நிப்பாட்டிப் பாப்பான். டயரு ரெண்டும் வழுக்கை, மாத்திருங்க" என்றார். எல்லாம் செய்தேன். பிரேக்கை நானே இறுக்கி, எங்கள் தோட்டத்து மேட்டில் நாற்பது தடவை நிறுத்திப் பார்த்தேன். கார் அசையவில்லை.

அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்க முடியவில்லை. தோட்டத்தில் பிறந்தவனுக்குத் துண்டுக் கடிதம் இல்லாமல் காரியம் நடக்கும் என்று நம்பிக்கை வராது. ஆஸ்பத்திரிக்குப் போனால் துரையின் துண்டு, லீவுக்குத் துண்டு, மரம் வெட்டத் துண்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் துண்டு. துரை கையெழுத்துப் போட்ட கடதாசி ஒன்று மடியில் இருந்தால்தான் எங்களுக்குக் கால் நிலத்தில் நிற்கும். பரிசோதனைக்கு முதல் நாள் தோட்டத்து ஆபீஸ் வாசலில் தோளில் கிடந்த சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன். வெள்ளைக்காரத் துரை, எங்கள் தமிழையே வேட்டை நாயை ஏவுகிற மாதிரிப் பேசுவார்.

"என்னா வேணும் உனக்கு?"

சொன்னேன். அன்று அவர் நல்ல மனநிலையில் இருந்தார். சிரித்தார். ஆபீஸ் கிளாக்கரைக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார், டைப் அடித்து வந்தது, கையெழுத்துப் போட்டார். உறைக்குள் வைத்துக் கொடுத்தார். கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தேன்.

மறுநாள் பரிசோதகர் என் காரைப் போட்டுப் புரட்டினார். சிங்கள மனுஷர், ஒல்லி, முகத்தில் ஒரு சிரிப்புக் கிடையாது. பொனட்டைத் திறந்தார், சில்லுகளைப் பிடித்து ஆட்டினார், லைட்டு, ஹோர்ன், வைப்பர் பார்த்தார், பக்கத்தில் ஏறி உட்கார்ந்து ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார். பிரேக் பிடித்தது. இறங்கி வந்து என் பதிவுப் புத்தகத்தை பொனட்டின் மேல் விரித்து, பேனாவின் மூடியைத் திருகினார்.

இந்த இடத்தில்தான் நான் என்னை முதல் ஆளாக ஏற்றுவது. கார் பாஸாகிவிட்டது. அவர் எழுதப் போகிறார். நானோ, துண்டு இருந்தும் கொடுக்காவிட்டால் துரையை மதிக்காத மாதிரி ஆகிவிடுமே என்று, ஓடிப்போய் உறையை நீட்டினேன்.

அவர் வாசித்தார். புத்தகத்தைப் பார்த்தார். திரும்பவும் வாசித்தார்.

"மே கார் எக காகெத?"

கார் யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். கடதாசியை என் மூக்குக்கு முன்னால் ஆட்டினார். பின்னால் லொறியோடு நின்ற சாமான் கடை முதலாளி வந்து அதை வாங்கி வாசித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"என்ன வேல செஞ்சீங்க தம்பி? 'இவன் என் தோட்டத்து ஆள், கார் எங்க தோட்டத்துக் கார், நல்லாப் பாத்துக்கிறோம், பாஸ் பண்ணிக் குடுங்க'ன்னு எழுதிருக்கு. தோட்டத்துக் காருன்னா ஹயர் ஓடேலாது. ஒங்க காருன்னா தொர எழுதினது பொய்யி. ரெண்டுல எதுன்னு கேக்குறான்."

துரை மோசம் செய்ய நினைத்து எழுதவில்லை. எங்கள் ஆட்டையும் மாட்டையும் பிள்ளைகளையும் எப்படித் தன்னுடையது என்று சொல்வாரோ அப்படியே காரையும் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணம்தான் எனக்கு இன்னும் அதிகமாக எரிகிறது. பரிசோதகர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்தினார். கார் தன்னுடையது இல்லை என்று துரை எழுதித் தர வேண்டும், அடுத்த தடவை கொண்டு வா என்றார். நான் கெஞ்சினேன், பிறகு கத்தினேன். இரண்டுக்கும் அவர் முகம் ஒரே மாதிரித்தான் இருந்தது.

ஆபீஸுக்குத் திரும்பினேன். இந்தத் தடவை துரைக்கு நல்ல மனநிலை இல்லை.

"நான் எழுதினது தப்புன்னு நான் எழுதணுமா? எனக்குப் புத்தி சொல்ல வந்தியா?"

"கார் என்னுதுங்க துரை. புத்தகத்துல என் பேருதாங்க இருக்கு."

"நீ என் ஆளுதானே?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கணக்கப்பிள்ளையின் முள்ளுக்கத்தி கண்முன்னால் வந்துவிட்டது.

"நான் தோட்டத்துல வேலை செஞ்சு பத்து மாசமாச்சுங்க. சொந்தமா ஓட்டிப் பொழைக்கிறேன்" என்றேன்.

துரையின் முகம் சிவந்தது. "அப்படியா? சரி. கார் என்னது இல்லே. நீயும் என்னது இல்லே. ரெண்டும் எழுதுறேன்" என்றார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கிளாக்கர் இரண்டு தாளுக்கு நடுவில் கார்பன் வைத்து டைப் அடித்தார். அடித்து முடித்ததும் உடனே தரவில்லை.

"ஏம்பா, இதத்தான் கொண்டு போகப் போறியா? ஒரு ரெண்டு நாளு பொறுத்து, தொர கோவம் தணிஞ்சதும் வேற மாதிரி வாங்கித் தாரேனே."

"உங்களுக்கெல்லாம் நான் பொழைக்கிறது பொறுக்கலியா ஐயா?" என்று அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அவர் கார்பன் பிரதியை எடுத்து பைலில் குத்தினார்.

அடுத்த தடவை பரிசோதகர் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடதாசியை வாசித்தார், கையெழுத்துப் போட்டார், முடிந்தது. பிரேக் அறுந்து தொங்கியிருந்தாலும் அன்று பாஸாகியிருக்கும். கச்சேரியில் அதே ஆள், அதே ஜன்னல். இந்த முறை ஒரு வார்த்தை பேசாமல் லைசன்ஸைத் தள்ளினார். அதைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, முதலாம் தேதி காலையில் பெரட்டுக் களத்தை ஒட்டிய ரோட்டால் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினேன். கணக்கப்பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி மூன்று தடவை ஹோர்ன் அடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

பொங்கல் கழிந்த பிறகு தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். செக்ரோலில் என் பெயருக்கு மேல் சிவப்புக் கோடு கிழித்திருந்தது. வேலைக்காரர் இல்லாத குடும்பம் என்பதால் மாத முடிவுக்குள் காம்பராவைக் காலி செய்யச் சொல்லித் துரை எழுதியிருந்தார். பைலில் குத்தியிருந்த அந்தப் பிரதியையும் காட்டினார்.

"நீதானப்பா எழுதி வாங்குன" என்றார். குரலில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். காலில் விழவும் துரையிடம் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

கொட்டகலையில் ஒரு கடைக்குப் பின்னால் அறை ஒன்று பார்த்தேன். மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டே சட்டி பானைகளைக் கட்டினாள். அவள் பிறந்ததும் எங்கள் தோட்டத்தில்தான், மூன்றாவது லயத்தில். காலையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாய்களையும் அம்மிக்கல்லையும் டிக்கியில் ஏற்றினேன். பிள்ளைகள் இரண்டும் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தன. பக்கத்துக் காம்பராக்காரர்கள் கதவோரத்தில் நின்று பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை அந்தப் பக்கம் வரவில்லை, அது ஒன்றுதான் அவர் எனக்குச் செய்த மரியாதை.

நோர்வூட் வளைவில் ஒரு பொலிஸ் கொஸ்தாப்பு கையைக் காட்டி நிறுத்தினார். பாரத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்பார். லைசன்ஸ், பிட்னஸ், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றிலும் குறை இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து விலாசத்தில் விரலை வைத்தார். தோட்டத்தின் பெயர் இருந்தது.

"இங்கதானே இருக்கிறது?" என்று உடைந்த தமிழில் கேட்டார். விலாசம் மாறினால் அறிவிக்க வேண்டும் என்பது சட்டமாம்.

நான் புத்தகத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். பின் ஸீட்டிலிருந்து என் மனைவி அன்று முதல் தடவையாகப் பேசினாள்.

"இல்லேன்னு சொல்லுங்க. அதையும் ஒரு கடுதாசியில எழுதி வாங்கிக்கங்க."