மைனி இறங்கிய தண்டவாளம்

அந்த டிராலியின் முன்சட்டத்தை என் மைனி, அதாவது அண்ணன் மனைவி, பிடித்திருந்த பிடிதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. வளையல்களை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரல் மூட்டுகள் வெளுக்கப் பிடித்திருந்தாள். போன மாதம் சென்னைப் பொருட்காட்சியில், உயரத்திலிருந்து தண்டவாளத்தில் உருண்டு இறங்கும் விளையாட்டு வண்டி ஒன்றில் ஏறினேன். புது வண்டி. சர்ரென்று வழுக்கிப் போய் நின்றது. முன்பு வந்திருந்த பழைய வண்டியில் ஏறினால் இடுப்பு கழன்றுவிடும் என்றார் பக்கத்தில் இருந்தவர். ஏன் அப்படி என்று அவருக்கு விளக்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். அந்தக் காரணத்தை ஒரு மழைநாளில் மைனியிடம் விளக்கப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

அண்ணன் அப்போது கீரிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். நாகர்கோவிலில் இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்த நான் கோடை விடுமுறைக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். படிக்க என்று புத்தகக் கட்டோடு போனவன் டிராலியை விட்டு இறங்கவில்லை. ரப்பர் பால் கேன்களை அடிவாரத்துக்குக் கொண்டுபோக மலைச்சரிவில் குறுகிய தண்டவாளம் போட்டிருந்தார்கள். நாலு இரும்புச் சக்கரம், ஒரு பலகைத் தளம், பிடித்துக்கொள்ள முன்னும் பின்னும் சட்டம், சக்கரத்தில் மரக்கட்டையை அழுத்தும் பிரேக். டிராலி என்றால் அவ்வளவுதான். சரிவில் தானாக உருண்டு இறங்கும். திரும்ப எருமைகள் இழுத்து வரும்.

மேற்பாதித் தண்டவாளம் எஸ்டேட் தொடங்கிய காலத்தது. கீழ்ப்பாதி ஒரு மழையில் மண் சரிந்து போனதால் பிற்பாடு புதிதாகப் போட்டது. அதே டிராலிதான், அதே வேகம்தான். மேலே உயிரை எடுக்கும், கீழே தாலாட்டும். இது ஏன் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. தண்டவாளத்தின் மேல் குப்புறப் படுத்துக் கண்ணை ஒட்டிப் பார்த்தேன். பழைய பாதையில் நேர்க்கம்பி முடிந்த இடத்திலேயே வளைந்த கம்பி தொடங்கிவிடுகிறது. நேராகப் போய்க்கொண்டிருக்கிற உடம்பை அது கேளாமல் கொள்ளாமல் பக்கவாட்டில் பிடித்து இழுக்கிறது. புதிய பாதையிலோ வளைவு கொஞ்சங்கொஞ்சமாக இறுகிக் கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்கிறது. வளைவில் வெளிப்பக்கக் கம்பியைச் சற்று உயர்த்தியும் வைத்திருந்தார்கள். போதாக்குறைக்குப் பழைய கம்பிகள் தேய்ந்து, சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவே இடம் விழுந்திருந்தது. அந்த இடைவெளிக்குள் டிராலி இந்தப் பக்கம் ஒரு முட்டு, அந்தப் பக்கம் ஒரு முட்டு என்று ஆடிக்கொண்டே இறங்கியது. கண்டுபிடித்த அன்று பிரேக் பிடிக்கும் அண்ணாச்சியிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எஞ்சினீயரு சொல்லியாச்சுல்லா, நாளையிலேர்ந்து இடிக்காது," என்றார்.

மைனிக்கு அப்போது நிறைமாதம். முதல் பிள்ளையை வீட்டிலேயே பெற்று, முகம் பார்த்த அன்றே பறிகொடுத்தவள் அவள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஆனால் இந்த முறை அடிவாரத்து ஆஸ்பத்திரியில்தான் என்று அவளே தீர்மானித்திருந்தாள். அண்ணனிடம் அனுமதியெல்லாம் கேட்கவில்லை. அவளைக் கூட்டிப்போகக் கார் பேச அண்ணன் நாகர்கோவில் போனார். அன்றே, வைகாசி நடுவில் வருகிற இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. விடிந்தபோது ரோட்டில் ஓடைக்கு மேலிருந்த பாலத்தைக் காணவில்லை. மைனிக்கு வலி தொடங்கியிருந்தது.

நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போகலாம் என்றால் ஓடை மார்பளவுக்கு ஓடியது. தண்டவாளத்துக்கு மட்டும் தனியாக இரும்புப் பாலம். ஆக, டிராலிதான். வைக்கோலைப் பரப்பி, மெத்தையைப் போட்டு, குடைகளைக் கட்டிவைத்தோம். மைனி ஏறாமல் நின்றாள். தினமும் அடுக்களையிலிருந்து அவள் கேட்ட சத்தம்தானே அது. ஒவ்வொரு வளைவிலும் கேன் மூடிகள் தெறிக்கிற சத்தம். இதில் ஏறினால் பிள்ளை பாதி வழியிலேயே போய்விடும் என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். நான் தைரியம் சொல்லக் கிளம்பினேன். மேற்பாதி மட்டும்தான் அப்படி என்று ஆரம்பித்து, வளைவின் தொடக்கம், கம்பியின் தேய்மானம், சக்கரத்தின் இடைவெளி என்று அடுக்கிக்கொண்டே போனேன். மைனிக்கு ஒரு வலி வந்தது. அது போகும்வரை சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பொறுத்தாள்.

"ஏலே, ஏன் இடிக்குன்னு எனக்கு என்னத்துக்கு? எப்பம் இடிக்கும்னு சொல்லுவியா?"

"சொல்லுவேன் மைனி."

"எல்லா வளைவும் தெரியுமா?"

"கண்ணக் கெட்டிக்கிட்டே சொல்லுவேன்."

"தொறந்துக்கிட்டே சொல்லு மக்கா," என்று ஏறி உட்கார்ந்தாள்.

பக்கத்து வீட்டு அக்கா பின்னாலிருந்து அவளை அணைத்துக்கொண்டாள். நான் முன்னால், மைனியைப் பார்க்கத் திரும்பி, மண்டியிட்டு உட்கார்ந்தேன். அண்ணாச்சி பிரேக்கைத் தளர்த்தினார். ஒரு வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் "மலைப்பக்கம்" என்பேன். மைனி உடம்பை மலைப்பக்கமாகச் சாய்ப்பாள். பிறகுதான் டிராலி திரும்பும். "பள்ளப்பக்கம்" என்பேன். மறுபடி சாய்வாள். இடி விழத்தான் செய்தது. ஆனால் அது வந்து சேரும்போது அவள் உடம்பு ஏற்கெனவே அங்கே போய் நின்றிருந்தது. மழையிலும் சக்கர இரைச்சலிலும் குரல் எடுபடாமல் போகுமோ என்று தொண்டை கிழியக் கத்தினேன். வலி வந்து அவள் கண்ணை மூடியபோது இன்னும் பலமாகக் கத்தினேன். ஒவ்வொன்றுக்கும் அவளிடமிருந்து "ம்" என்று ஒரு பதில் வரும். அந்த "ம்" வந்தால்தான் எனக்கு அடுத்த மூச்சு வந்தது.

இரும்புப் பாலத்தைத் தாண்டிப் புதுத் தண்டவாளத்தில் இறங்கியதும் டிராலி சாதுவாகிவிட்டது. நான் நிறுத்தவில்லை. அங்கே சொல்ல ஒன்றுமே இல்லை. வளைவு தன் வரவைத் தானே உடம்புக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தது. பொருட்காட்சி வண்டியிலும் இதுதான். நான் தொண்டையால் செய்ததை, அதைக் கட்டியவன் கம்பியிலேயே செய்துவிட்டிருக்கிறான். மைனிக்கும் அன்று அது புரிந்திருக்க வேண்டும். நான் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்க, அக்காவின் தோளில் தலையைச் சாய்த்து முதல்முறையாக லேசாகச் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். அக்காவும் கூடப் போனாள். அண்ணாச்சி டிராலிக்குத் திரும்பிவிட்டார். நான் வராந்தாவில் நனைந்த துணியோடு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, ரோடு மூழ்கிக் கார் வராததால் சுற்றுவழியாக நடந்தே அண்ணன் வந்து சேர்ந்தார். முழங்கால்வரை சேறு.

"அவ எங்கல?"

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. உள்ளே கையைக் காட்டினேன். மறுபடி முயன்றேன், ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை. என் சிவந்த கண்ணையும் ஈர முகத்தையும் அண்ணன் மாறி மாறிப் பார்த்தார். சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் இறங்கிவிட்டார். அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன், தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

அப்போது நர்ஸ் கதவைத் திறந்தாள். பிள்ளை அழுகிற சத்தம் வந்தது. அதற்குப் பின்னால், மைனியின் களைத்துப்போன குரல்.

"அவியளா வந்திருக்கது? தம்பிக்குத் தொண்டதான் போச்சு. எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்தே என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.