மாமா வேனின் எஞ்சின்

எனக்குப் பத்து வயதில் ஒரு சந்தேகம் வந்தது. அதை வைத்துக்கொண்டு வீட்டில் ஒருவரையும் நிம்மதியாக உட்காரவிடவில்லை. ஒரு வண்டியின் எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு வண்டியின் எஞ்சினை வைத்தால், அப்புறம் அது யாருடைய வண்டி?

எங்களிடம் ஒரு பிக்கப் இருந்தது. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றி பெரம்பலூர்க் கடை ஒன்றில் இறக்குவதுதான் அப்பாவின் பிழைப்பு. ஒரு நாள் எஞ்சின் இறுகி, வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. இதைச் சரிசெய்கிற செலவில் வேறு எஞ்சினே போட்டுவிடலாம் என்றார் மெக்கானிக். அரியலூரில் அத்தை வீட்டு வாசலில் மாமாவின் வேன் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. மாமா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தகரமெல்லாம் துருப்பிடித்தாலும் டீசல் எஞ்சின் கல்லு மாதிரி இருக்கிறது என்று மெக்கானிக் சொல்ல, அப்பா தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டார். அப்பாவுக்கு அக்காவான அத்தை சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வேறு கம்பெனி எஞ்சின் அவ்வளவு லேசில் உட்காருமா? நான்கு விரல் நீளம் அதிகம் என்று ரேடியேட்டரை முன்னால் தள்ளினார்கள். எஞ்சினைத் தாங்கும் இரும்புகளை வெட்டி வேறு இடத்தில் வெல்டிங் வைத்தார்கள். கியர்பாக்ஸின் போல்ட் துளைகள் பொருந்தாததால் லேத்தில் ஒரு தட்டு கடைந்து நடுவில் கொடுத்தார்கள். பள்ளி விட்டதும் நான் பட்டறைக்கே ஓடிவிடுவேன். என் சந்தேகத்துக்கு மெக்கானிக், எஞ்சின் யாருதோ வண்டியும் அவங்களுதுதான் என்றார். ஆர்.சி. புக்கில் அப்பா பேர்தான் இருக்கு, பேசாமல் படி என்றாள் அம்மா. எஞ்சின் நம்பரை அந்தப் புக்கில் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நாலு நடை நடந்து நொந்துபோயிருந்த அப்பா, வாயை மூடு என்றார்.

இதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. திங்கட்கிழமை பத்து மணிக்குள் லோடு வராவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வேன் என்று கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒருவழியாக வேலை முடிந்து, திங்கட்கிழமை காலை அப்பா லோடு ஏற்றிக் கிளம்பியபோது, பள்ளி விடுமுறை என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன். ரயில்வே கேட்டில் நின்றாலே எஞ்சினை அணைத்துவிடுகிற மனிதர் அப்பா. டீசல் என்ன ஆத்துத் தண்ணியா என்பார். அன்றும் அணைத்தார். புதிதாக எது வந்தாலும் முதலில் அக்காவிடம் காட்டுவது அவர் வழக்கம். ஒரு நிமிடம் காட்டிவிட்டுப் போய்விடலாம் என்று அத்தை வீட்டுத் தெருவுக்குள் திருப்பினார். மணி ஒன்பது.

எஞ்சின் தடதடக்கத் தெருமுனையில் திரும்பும்போதே அத்தை வீட்டு இரும்புக் கதவு திறந்தது. ஆள் வர ஒரு பக்கம் போதும்; மாமா வேன் வரும்போதுதான் இரண்டும் திறக்கும். அத்தை இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்து, கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி நிமிர்ந்தார். எங்கள் வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் என்னவோ போல ஆகிவிட்டது.

நாங்கள் உள்ளே வரவில்லை, சும்மா காட்டத்தான் வந்தோம் என்று பெரிய மனுஷி மாதிரி விளக்கம் சொன்னேன். அப்பா அவசரமாகச் சாவியைத் திருகப் போனார்.

"ஆஃப் பண்ணாத தம்பி," என்றார் அத்தை. "கொஞ்ச நேரம் ஓடட்டும்."

அப்பா கையை எடுத்துவிட்டார். அத்தை வந்து பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். சரி, சும்மாதானே நிற்கிறோம் என்று என் சந்தேகத்தை அவரிடமும் கேட்டுவைத்தேன்.

"இப்ப இது யாரு வண்டி அத்தை?"

"ஒங்கப்பா வண்டிதான்டி," என்றார். ஆனால் கையை எடுக்கவில்லை.

எனக்கு ஒரே பதைப்பு. பத்து மணி, கடைக்காரர், வீணாகும் டீசல் எல்லாவற்றையும் அப்பாவுக்கு நினைவூட்டினேன். அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே கால் மணி நேரம் போனது. பெரம்பலூர் போய்ச் சேரப் பத்தேகால். கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் மூட்டைகளை இறக்கவிட்டார்.

அடுத்த வாரம் அத்தை வீட்டுக்குப் போனபோது, அப்பா தெருவுக்கு வெளியே மெயின்ரோட்டிலேயே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். வெயிலில் என்னை நடக்கவிட்டே கூட்டிப்போனார். போன வாரம் வீணாக்கிய டீசலை இப்போது மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.