கை மட்டும் மிஞ்சிய படம்

ஒரு கையில் கோழிக்குப் பிசைந்த தவிடு. மறு கை எங்கள் பெரியம்மாவின் தோளில். ஈரத்தலையும் பழைய சேலையுமாக, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார் அந்தப் பெரிய நாடக நடிகை. மேடையில் ராணியாகவே பார்க்கப்பட்டவரை இப்படிக் காட்டும் படங்கள் வேறெங்கும் கிடையாது. எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில், பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில்தான் இருந்தன.

அம்மாவின் அக்காவான பெரியம்மா, அந்த நடிகையின் நாடகக் கம்பெனியில் தோழி வேடம் போட்டவள். கம்பெனி கலைந்த பிறகும் காட்டுப்பாக்கத்து வீட்டில், 'அக்கா, அக்கா' என்று அவருடனேயே இருந்தாள். சமைத்துப் போட்டாள், சண்டை போட்டாள், ராப்பகலாகப் பக்கத்தில் கிடந்து நோயில் பார்த்துக்கொண்டாள். அவர் கண்ணை மூடிய பிறகுதான் எங்களிடம் வந்தாள். அவளுடைய இளவயது முகம் இருந்ததும் அந்தப் படங்களில் மட்டும்தான்.

எண்பதுகளின் கடைசியில் அருங்காட்சியக அதிகாரி ஒருவர் வந்து, நடிகையைப் பற்றிய கண்காட்சிக்கு அந்தப் படங்களைக் கேட்டார். அம்மா தயங்கினாள். பெரியம்மாவோ, "ஊரே அக்காவப் பாக்கும்ன்றாரு. நாம பூட்டி வெச்சிகினு இன்னா பண்ணப்போறோம்?" என்று அத்தனையையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

கண்காட்சித் திறப்பு விழாவுக்கு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேப்பரில் பார்த்துவிட்டு, நான் ஆபீசுக்கு லீவு போட்டு அவளை ரயிலில் கூட்டிப்போனேன். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

படங்களை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். தவிட்டுப் படத்தில் நடிகையின் கை நீண்டு, சட்டத்தின் ஓரத்தோடு நின்றுபோயிருந்தது. தோளைக் காணோம், ஆளைக் காணோம். கீழே 'தனிமையில்' என்று தலைப்பு வேறு. மற்ற படங்களிலும் இதே வேலைதான்.

"அக்கா கை கீது. நான் எங்கடி?" என்றாள் பெரியம்மா.

அதிகாரியைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். "ஜனங்க அவங்களப் பாக்கத்தாம்மா வராங்க, கூட நிக்கறவங்க முகம் எதுக்கு?" என்றார், டீயை உறிஞ்சிக்கொண்டே. அசல் படங்களையும் அதே மாதிரி வெட்டி அட்டையில் ஒட்டிவிட்டார்களாம். வெட்டிய துண்டுகள் குப்பைக்குப் போயாயிற்று. ஒருநாள்கூட அவரைத் தனியாக விடாதவளை வெட்டி எறிந்துவிட்டு, தனிமையாம்!

நான் திரும்பி வந்தபோது, பெரியம்மா அந்தப் படத்தை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள், நடிகையின் கை தன் தோள்மேல் வருகிற மாதிரி. முகத்தில் லேசாகச் சிரிப்புகூட இருந்தது. குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர், "கொஞ்சம் நவுந்துக்கோம்மா, படத்த மறைக்கிற" என்றார்.

நகர்ந்துகொண்டாள்.