ஆறாம் ஷட்டரிலிருந்து ஆரம்பம்

போன வாரம் என் மகள் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள். எங்கேயோ இருக்கும் எட்டு சர்வர்களில் அவள் எழுதிய புது அப்ளிகேஷனை ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனியாகப் போய் உத்தரவு கொடுக்கச் சோம்பல்பட்டு, பத்துப் பதினைந்து வரியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். அது தானாகவே வரிசையாகப் போய், பழையதை நிறுத்து, புதியதை வை, திரும்ப ஓட்டு என்று சொல்லிக்கொண்டே போகும். மூன்றாவது சர்வரில் சிக்கிக்கொண்டது. "முப்பது செகண்டுல எந்திரிச்சுரும்னு எழுதி வெச்சேன்ப்பா. அது எந்திரிக்கவே இல்ல" என்றாள். பிறகு அவளே அந்த வரியை அழித்துவிட்டு, எழுந்தாயிற்று என்று சர்வர் பதில் சொல்லும்வரை காத்திருக்கும்படி மாற்றினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் மகள்தானே.

அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எழுபதுகளில் நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். என்னிடம் சர்வர் கிடையாது, ஆறு ஷட்டர்கள் இருந்தன.

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, கோவிந்தாபுரம் போகிற வழியில், கால்வாய் செக்‌ஷன் ஆபீசில் நான் கிளார்க். அணையிலிருந்து வரும் எங்கள் கால்வாயில் ஆறு இடங்களில் ஷட்டர், அதாவது மதகுக் கதவு, உண்டு; ஒன்றாவது அணைக்குப் பக்கம், ஆறாவது கடைமடையில். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஷட்டரைத் தூக்கி இறக்க ஒரு லஸ்கர், கைப்பிடியைச் சுற்றிப் பேசுகிற ஒரு போன். அத்தனை போனுக்கும் ஒரே கம்பி. இரண்டு தடவை மணி அடித்தால் இரண்டாம் ஷட்டருக்கு, ஆறு தடவை அடித்தால் ஆறாம் ஷட்டருக்கு. யாருக்கு அடித்தாலும் மற்றவர்களும் எடுத்துக் கேட்கலாம். கேட்டார்கள், தவறாமல்.

தண்ணீர் முறை வரும் நாளில் ஒவ்வொரு லஸ்கரும் இரண்டு வேலை செய்ய வேண்டும். பக்கவாட்டில் பிரியும் கிளை மடையை அடைக்க வேண்டும், கால்வாயின் குறுக்கே இருக்கும் ஷட்டரைத் தூக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் வழியில் எங்கும் நிற்காமல் கடைமடைக்குப் போகும். இதைக் கடைசி ஷட்டரில் ஆரம்பித்து மேலே வர வேண்டும். கீழே ஒன்று மூடிக் கிடக்கும்போது மேலிருந்து தண்ணீர் வந்துவிட்டால் கரை உடைந்துவிடும். நான் காலையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கத்துவேன். ஒன்றாம் ஷட்டருக்கு வருவதற்குள் ஐந்தாமவர் யாரோ கெஞ்சினார்கள் என்று கிளை மடையைத் திறந்திருப்பார். இரண்டு தடவை சொன்னால் இரண்டு தடவை தூக்கிவைப்பவரும் இருந்தார். என் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

முந்தின முறை தண்ணீர் ஐந்தாம் ஷட்டரைத் தாண்டவில்லை. ஆறாம் ஷட்டருக்குக் கீழேதான் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தோம். அக்கா நாற்றங்கால் விட்டு இருபது நாளாகியிருந்தது. அவர்கள் கிணற்றில் குடிக்க மட்டும்தான் தண்ணீர். இந்த முறையும் தவறினால் நாற்று கருகும், மறுபடி விதைக்க வீட்டில் விதைநெல் இல்லை, அந்தப் போகமே போயிற்று. அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமாதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். எங்கள் அப்பாவின் வயல் இரண்டாம் ஷட்டருக்குக் கீழே, தண்ணீருக்குக் குறைவில்லாத இடம். "மேல்மடையில பொண்ணெடுத்தா தண்ணி பின்னாடியே வரும்னு நெனச்சேன் மாப்ள" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்த ரோஷத்தில்தான் சீட்டு தயாரித்தேன். கார்பன் வைத்து ஆறு பிரதி தட்டச்சு செய்தேன். எல்லாவற்றிலும் ஒரே வாசகம், ஷட்டர் எண் மட்டும் பேனாவால் எழுதியது. ஆறாமவர் எட்டு மணிக்கு, ஐந்தாமவர் எட்டேகாலுக்கு, நான்காமவர் எட்டரைக்கு என்று மேலே வரும். காலையில் ஒரே ஒரு தடவை "சீட்டுப்படி ஆரம்பிக்கலாம்" என்று சொன்னால் போதும், மீதி தானாக நடக்கும். ஓவர்சியர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காயிதத்தப் பாத்து ஷட்டர் தொறந்துக்குமாக்கும்?" என்றார். ஆனாலும், தண்ணீர் வருவதற்கு நான்கு நாள் முன்னால், வெறும் கால்வாயில் ஒரு ஒத்திகைக்குச் சம்மதித்தார்.

ஒத்திகையன்று ஆறும் ஐந்தும் ஒழுங்காக நடந்தன. நான்காம் ஷட்டரிலிருந்து சத்தமே இல்லை. ஒன்பதேகாலுக்கு மணி அடித்தேன்.

"ஏனுங்க, இன்னும் எட்டரை ஆகலீங்களே?" என்றார் லஸ்கர்.

"மணி ஒம்பதேகால்! தூங்கறீங்களா?"

"அதெப்படீங்க? எட்டரை பஸ்ஸே இன்னும் போகலீங்களே."

அவரிடம் கடிகாரம் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து வரும் பஸ் கொட்டகையைத் தாண்டினால் அவருக்கு எட்டரை. கடிகாரம் வேறு எந்த லஸ்கரிடமும் இல்லை, ஆளுக்கொரு பஸ்ஸோ மில் சைரனோ வைத்திருந்தார்கள். அன்றைக்கு அந்த பஸ்ஸை கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் நிறுத்தி, இருக்கைகளுக்கு அடியிலிருந்து அரிசி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டு அரிசியை எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் கொண்டுவரக் கூடாத காலம் அது. யாரோ ஒளித்து வைத்த அரிசிக்காக எங்கள் ஒத்திகையே நின்றுபோயிருந்தது. லஸ்கரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் சீட்டில் இருந்தபடிதான் செய்திருக்கிறார். என் கையில் கடிகாரம் இருக்கிறதென்று ஊருக்கே நேரம் எழுதிக் கொடுத்தவன் நான். மறுநாள் நேரில் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க, பஸ்ஸத் திட்டுனதா நெனச்சுக்கறேன்" என்றார்.

புதிய சீட்டில் நேரமே இல்லை. உனக்குக் கீழே இருப்பவர் போனில் 'ஆச்சு' என்று சொல்லும்வரை எதிலும் கை வைக்காதே. சொன்ன பிறகு கிளை மடையை அடை, ஷட்டரைத் தூக்கு. ஏற்கெனவே தூக்கியிருந்தால் மறுபடி தூக்காதே. இரண்டையும் கண்ணால் பார்த்துவிட்டு, மேலே இருப்பவரைக் கூப்பிட்டு 'ஆச்சு' சொல். ஏதாவது ஒன்று நடக்கவில்லை என்றால் 'ஆச்சு' சொல்லாதே. இவ்வளவுதான். பழைய சீட்டுகளை ஒவ்வொரு கொட்டகைக்கும் சைக்கிளில் போய் நானே வாங்கிக் கிழித்துப் போட்டேன். பழையதும் புதியதும் ஒருவர் கையிலேயே இருந்தால் எதைச் செய்வார் என்று யார் கண்டது?

தண்ணீர் முறை வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குள் நாங்கள் தயார் என்று அணைக்குச் சொல்லாவிட்டால் முறை அடுத்த கால்வாய்க்குப் போய்விடும். ஆறாம் ஷட்டரைக் கூப்பிட்டு ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆறு, ஆச்சு. ஐந்து, ஆச்சு. நான்கு, ஆச்சு. பஸ் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாமவர் 'ஆச்சு' சொன்னபோது மணி பத்து. நான் டீ வாங்கிவரச் சொன்னேன்.

இரண்டாம் ஷட்டரிலிருந்து ஒன்றும் வரவில்லை. பத்தரை ஆயிற்று. மணி அடித்தேன். லஸ்கர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"உங்க அப்பாரு வந்து நிக்கறாருங்க. மடைய அடைக்க உடமாட்டேங்கறாரு."

டீயை அப்படியே வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தேன். அப்பா கிளை மடையின் சக்கரத்தின் மேல் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். லஸ்கர் பாவம், சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் அப்பாவை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. "பெரியவர மீறி நான் என்னங்க செய்யட்டும்? ஆனா அடைக்காம ஆச்சுன்னு மட்டும் சொல்ல மாட்டேனுங்க, சீட்டுல அப்படி இல்லீங்க" என்றார். அந்த மனுஷனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஒரு சாண் தெறந்து கெடந்தா என்னடா, குடியா முழுகிப்போயிரும்?" என்றார் அப்பா. "என்ற வயலும்தான் காயுது."

ஒரு சாண் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இரண்டில் ஒரு சாண் என்றால் அதைப் பார்த்து மூன்றில் ஒரு சாண், நான்கில் இரண்டு. கடைமடைக்கு ஈரம்கூட மிஞ்சாது. கத்தத்தான் வாயைத் திறந்தேன். வந்ததென்னவோ கெஞ்சல்தான்.

"அப்பா, அக்கா நாத்தங்காலு மஞ்சளா கெடக்குதுப்பா. இந்தத் தண்ணி போகலைன்னா அத்தனையும் போச்சு. அதுக்கு வெதைநெல்லு இல்ல."

அப்பா என்னையே பார்த்தார். "எங்கிட்ட யாருமே சொல்லலையே" என்றார். யாரும் சொல்லவில்லைதான். அக்காவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவரே சக்கரத்தைச் சுற்றி மடையை அடைத்தார். லஸ்கர் ஷட்டரைத் தூக்கினார், இரண்டையும் எட்டிப் பார்த்தார், போனைச் சுற்றி ஒன்றாம் ஷட்டருக்கு 'ஆச்சு' என்றார். நான் ஆபீசுக்குத் திரும்பி, ஒன்றாம் ஷட்டரின் 'ஆச்சு'வையும் கேட்டுவிட்டு அணைக்குத் தகவல் சொன்னபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. ஆறிப்போன டீயைக் குடித்தேன். அப்பா மட்டும் வீட்டுக்குப் போகவில்லை. வேறு யாராவது வந்து மடையைத் திறந்துவிடாமல் காவல் இருக்கப் போவதாகச் சொல்லி, கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வெயில் இறங்கும் நேரத்தில் ஆபீஸ் மணி அடித்தது. ஆறாம் ஷட்டர் லஸ்கர், "ஒருத்தங்க பேசோணுமாமுங்க" என்று போனை யாரிடமோ கொடுத்தார். அக்கா அதுவரை போனைத் தொட்டதே இல்லை. ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

"தம்பி, வந்துருச்சுடா! நாத்தங்கால்ல கணுக்கால் தண்ணி நிக்குது!"

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அக்கா மூச்சு வாங்கிவிட்டுக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பாகிட்டச் சொல்லீருடா. நாத்துப் பொழச்சுக்கும்னு சொல்லீரு."

நான் சரி என்று சொல்வதற்குள் கம்பியில் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. இரண்டாம் ஷட்டர்.

"கேட்டுட்டுத்தான் இருக்கறேன் சாமி" என்றார் அப்பா.